நான்கு புள்ளி ஒன்பது

செப்டம்பரில் கூயாபா
அடுப்பிலிருந்து இறக்க மறந்த சட்டி.
நிழலில் நாற்பத்தொரு டிகிரி.
சதுப்புக்காடு எங்கோ எரிகிறது;
எங்கள் துணிக்கொடியில்
கறுப்புப் பொடியாக வந்து உட்காருகிறது.

இந்த ஊரில்தான்
நான்கு புள்ளி இரண்டில் ஓடவேண்டிய பிராசஸரை
நான்கு புள்ளி ஒன்பதுக்கு ஏற்றி வைத்திருக்கிறேன்.
எதுக்கு என்று ஒஸ்மார் கேட்டான்.
காலி பஸ்ஸை டிப்போவுக்கு
நீ மட்டும் மெதுவாவா ஓட்டுற என்றேன்.
அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பழைய பெட்டி அவனுடைய டிப்போ கழித்துப்போட்டது.
முன்பக்கம் தகரம், பின்பக்கம் ஒற்றை விசிறி.
பத்தாவது நிமிடம் தொண்ணூற்றேழு.
பதினோராவது நிமிடம்
திரை நீலம் பாரிக்கும்.
பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு
மேசை விசிறியை அதன் வயிற்றுக்கு நேரே
மூன்று நாள் வைத்துப் பார்த்தேன்.
வெப்பம் இறங்கியது.
சாம்பல் ஏறியது.
ஒரு பல்லிக்குட்டியும்.

சனிக்கிழமை நானூறு ரெயாலோடு
நகாசாட்டோவின் கடைக்குப் போனேன்.
மூன்று பக்கமும் கண்ணாடி வைத்ததைத்தான்
முதலில் இறக்கினார்.
உள்ளே விசிறிகள்
ராட்டினம் மாதிரி நிறம் மாறின.
ஹாலுக்கே ஒரு களை வந்துடும், எடிவானியா.
ஹால் எங்களுக்கு இல்லை.
இருப்பது ஓர் அறை,
அதில் பகலில் தூங்குகிற ஓர் ஆள்.

கைப்பையில் காகிதக் கைக்குட்டை இருந்தது.
ஒற்றை அடுக்காக உரித்து
கண்ணாடி ஓரத்துப் பிளவில் பிடித்தேன்.
அசையவில்லை.
மூன்று விசிறி சுற்றியும்
ஒரு கொசு இறக்கையடித்த காற்றுகூட இல்லை.
நகாசாட்டோ தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இன்னொன்றில் உச்சியில் விசிறி,
அதன் தலையில் அலங்கார மூடி.
இன்னொன்றுக்குக் கம்பளி போலத் தடித்த வடிகட்டி;
காகிதம் தொட்டுப் பார்த்துவிட்டு விழுந்தது.

கடைசியில் அலமாரிக்கு அடியிலிருந்து
மூலை நசுங்கிய ஒன்றை இழுத்தார்.
முகம் முழுக்க வலை.
சல்லடை என்றாலும் கோபித்துக்கொள்ளாது.
காகிதம் பட்டென்று ஒட்டியது.
இழுத்தேன், கிழிந்தது,
பாதி அங்கேயே நின்றது.
முந்நூற்றெண்பது என்றார்.
மூலையைத் தடவினேன்.
முந்நூற்றைம்பது.

முன்னால் மூன்று விசிறி உள்ளிழுக்க
பின்னால் ஒன்றும் மேலே ஒன்றும் வெளித்தள்ள.
போவதைவிட வருவது
கொஞ்சம் கூடுதலாக இருக்கவேண்டும்,
அப்போதுதான் இடுக்கு வழியே தூசி நுழையாது.
(சம்பளத்திலும் இதை முயன்றிருக்கிறோம்.)

எழுபத்தெட்டு.
ஒரு மணி நேரம் கழித்தும்
எழுபத்தெட்டேதான்.
நான் கைதட்டியதில் ஒஸ்மார் எழுந்துவிட்டான்.
பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.
பெட்டி குளிர்ந்துடுச்சு என்றேன்.
தெரியுது, எல்லாம் இங்கதான் வந்திருக்கு.

இதை நான் யோசித்திருக்கவே இல்லை.
எந்த விசிறியும் வெப்பத்தைக் கொல்வதில்லை,
அடுத்த வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது.
எங்கள் பெட்டிக்கு அடுத்த வீடு
கட்டில்.

நான்கு புள்ளி நான்குக்கு இறக்கினேன்.
வோல்டேஜையும் இரண்டு படி.
ஞாயிறுதோறும் வலையைக் கழற்றி
துணித்தொட்டியில் அலசினேன்:
முதலில் கறுப்புத் தண்ணீர்,
பிறகு பழுப்பு,
அதற்கப்புறமும் தெளியாத ஒன்று.
எந்த மரமென்று தெரியவில்லை.

அக்டோபர் பதினொன்று, மாலை ஐந்தேகால்.
கூரைத் தகரத்தில் ஆணி கொட்டியதுபோல
முதல் மழை.
ஜன்னலைத் திறந்தவன் ஒஸ்மார்.
வயர்களோடு பெட்டியைத் தூக்கி
வலைமுகத்தை மழைக்காற்றுக்குத் திருப்பியவனும்
அவன்தான்.

சாரல் எட்டாத தூரத்தில் வைத்தான்,
விரலால் அளந்து.

இப்போ ஏத்து என்றான்.